ஒரு சோறு பதமாகாது

செயற்கைக் கருத்தரிப்பை நாடிச் செல்லும் தம்பதிகளிடையேயும், அவர்களுக்குப் புத்திமதி சொல்லும் உற்றார் உறவினரிடையேயும், வைத்தியர்களிற் சிலரிடையேயும்கூட, இந்நாளில் ஓர் அபிப்பிராயம் கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மைபோல் வேரூன்றிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் உருவான கருவிலிருந்து சில செல்களை எடுத்துப் பரிசோதித்து, அவற்றுள் சில சரியான குரோமோசோம் எண்ணிக்கையும் சில பிறழ்ந்த எண்ணிக்கையும் கொண்டு கலந்து நிற்கின்றன, ஆகவே இது ‘மொசைக்’ கரு என்று அறிக்கை எழுதப்பட்டுவிட்டால், அந்தக் கரு பழுதுபட்டது, அதைக் கருப்பையில் வைப்பது தெரிந்தே செய்யும் பாவம், அதைக் கழித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் பணம் திரட்டுவதே விவேகம் என்பதுதான் அந்த அபிப்பிராயம். இதை நான் மறுக்கிறேன். விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்படும் இக்கொள்கைக்கு விஞ்ஞானத்தின் ஆதாரம் இல்லை என்பதையும், குழந்தையாகப் பிறந்து வளரக்கூடிய கருக்கள் இதன் காரணமாகக் குப்பைக்குப் போகின்றன என்பதையும் எடுத்துக்காட்டுவதே என் நோக்கம்.

திருத்தணியில் வாழும் எனக்கு இது ஏட்டில் படித்துத் தள்ளிவைக்கக்கூடிய விவாதம் அன்று. 365 படிகள் ஏறித் தணிகைமலையானை வணங்க வரும் கூட்டத்தில், கிருத்திகை தவறாமல் விரதமிருந்து பிள்ளைவரம் கேட்கும் இளந்தம்பதிகளை எந்த மாதத்திலும் காணலாம். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் தெலுங்கு பேசிக்கொண்டு வருபவர்களும், அரக்கோணத்திலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் தமிழ் பேசிக்கொண்டு வருபவர்களும் ஒரே படியில்தான் மூச்சு வாங்க உட்காருகிறார்கள். அவர்களிற் சிலர் அதே வாரத்தில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்கோ, பஸ் ஏறித் திருப்பதிக்கோ போய்க் கருத்தரிப்பு மையங்களின் நாற்காலி வரிசையிலும் அமர்கிறார்கள். வேண்டுதலும் வைத்தியமும் அவர்கள் உள்ளத்தில் பகை கொள்வதில்லை. கொள்ளவேண்டிய அவசியமும் இல்லை.

பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால், புரியாத வைத்தியக் காகிதங்கள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்வதுண்டு. அப்படி ஒரு நாள் பிளாஸ்டிக் உறையொன்றில் ஓர் அறிக்கை வந்தது. கொண்டுவந்த பெண்ணுக்கு வயது 38. “சார், மூணு கரு வந்துச்சு. ரெண்டு சரியில்லைன்னுட்டாங்க. இது ஒண்ணுதான் மிச்சம், இதுவும் கலப்புக் கருவாம். வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுங்கன்றாங்க. எங்க அத்தையும் அதான் நல்லதுன்றாங்க” என்றாள். “கையெழுத்துப் போட்டுட்டியாம்மா?” என்று கேட்டேன். “இல்ல சார், திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காங்க.” அந்தத் திங்கட்கிழமை அவள் கையெழுத்திடவில்லை, கரு இன்றும் திரவ நைட்ரஜனில் உறைநிலையில் இருக்கிறது, கணவனும் மனைவியும் வேறொரு வைத்தியரின் ஆலோசனையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கதையை இத்துடன் விட்டுவிடுகிறேன். அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்பதே நமக்கு முக்கியம்.

ஒன்று முதல் இருபத்திரண்டு வரை குரோமோசோம்களின் எண்கள் இடமிருந்து வலமாக அச்சிடப்பட்டிருந்தன. ஆண் பெண் என்பதை வெளிப்படுத்தும் கடைசிக் கட்டம், கருவின் பாலினத்தை அறிவிப்பதைத் தடைசெய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இணங்க மறைக்கப்பட்டிருந்தது. இரண்டு என்ற அளவில் ஒரு நேர்கோடு. அதன்மேல் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதிகள் இருக்கவேண்டும் என்பதால் புள்ளிகள் இரண்டின்மேல் படிந்து கிடப்பதே செம்மை. பத்தாம் எண்ணுக்கு நேரே மட்டும் புள்ளிகள் கோட்டைவிட்டு எழும்பி, மூன்றைத் தொடாமல் நடுவழியில் நின்றன. பக்கத்தில் ‘மொசைக், 35 சதவீதம்’ என்று எழுதியிருந்தது. ஒரு கருவின் வாழ்வும் ஒரு குடும்பத்தின் எதிர்காலமும் அந்த நடுவழிப் புள்ளிகளில் தொங்கின.

அந்த 35 சதவீதம் எதன் சதவீதம்? கருவின் செல்களில் நூற்றுக்கு முப்பத்தைந்து பிறழ்ந்தவை என்று அந்தப் பெண் எண்ணினாள். அவளுக்குச் சொன்னவர்களும் அப்படியே எண்ணியிருப்பார்கள் போலும். உண்மை அதுவன்று. ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில் நூறு இருநூறு செல்களோடு பந்துபோல் திரண்டிருக்கும் கருவின் புறத்தோலில் லேசர்க் கதிரால் துளையிட்டு, நுண்ணிய கண்ணாடிக் குழலால் உறிஞ்சி, ஐந்து முதல் பத்து செல்கள் வரை கிள்ளியெடுக்கிறார்கள். அவற்றின் டி.என்.ஏ. மிகமிகச் சொற்பமாகையால் அதைப் பன்மடங்கு பெருக்கிய பிறகே எண்ணிப் பார்க்க முடியும். பெருக்கும்போது சில பகுதிகள் மிகுந்தும் சில குறைந்தும் பெருகுவதுண்டு. அந்த ஏற்றத்தாழ்வே புள்ளிகளை நடுவழியில் நிறுத்திக் கலப்பில்லாத கருவையும் கலப்புடையதாகக் காட்டிவிடக்கூடும். ஐந்து செல்கள் எடுத்திருந்தால் ஒன்று பிறழ்ந்தால் இருபது சதவீதம், இரண்டு பிறழ்ந்தால் நாற்பது. முப்பத்தைந்து என்ற எண் செல்களை எண்ணி வந்ததாக இருக்கவே முடியாது. புள்ளிகள் நின்ற உயரத்தை அளந்து எழுதிய எண் அது. இருபதுக்குக் கீழ் என்றால் செம்மை, எண்பதுக்கு மேல் என்றால் பிறழ்வு, இடையில் இருப்பது மொசைக் என்று பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் வைத்துக்கொண்டிருக்கும் எல்லைகளும் மனிதர் வகுத்துக்கொண்டவையே. எந்தக் கூடத்தில் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்தே மொசைக் என்று அறிவிக்கப்படும் கருக்களின் விகிதம் பெரிதும் வேறுபடுகிறது என்பது, இந்த முத்திரையைக் கண்டு அஞ்சுவோர் முதலில் அறியவேண்டிய செய்தி.

இனி, கலப்பு என்பது எப்படி நேர்கிறது என்பதைப் பார்ப்போம். இரு வேறு பிழைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்தே மேற்சொன்ன அபிப்பிராயம் பிறக்கிறது. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போதே ஒரு குரோமோசோம் மிகுந்தோ குறைந்தோ போய்விட்டால், அதிலிருந்து எழும் கருவின் ஒவ்வொரு செல்லும் பொதுவாக அந்தப் பிழையைச் சுமந்தே தோன்றும். தாயின் வயது ஏற ஏற மிகுவது இந்தப் பிழை. மொசைக் நிலையோ கருத்தரித்த பிறகு வருவது. முதல் இரண்டு மூன்று நாட்களில் கரு இரண்டாகவும் நான்காகவும் எட்டாகவும் பிரியும்போது, அதன் சொந்த மரபணுக்கள் இன்னும் முழுமையாக விழித்தெழாத நிலையில், தாயின் முட்டை சேமித்துவைத்த புரதங்களைக் கொண்டே அது காலம் தள்ளுகிறது. பிரிவினையைக் கண்காணித்துப் பிழை கண்ட இடத்தில் நிறுத்தும் காவல் அந்நாட்களில் தளர்ந்திருப்பதால், ஏதேனும் ஒரு செல் பிரிகையில் ஒரு குரோமோசோம் பின்தங்கிவிடுகிறது, அல்லது இரு பிரதிகளும் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அந்த ஒரு செல்லின் வழித்தோன்றல்களே பிறழ்ந்தவை, மற்றவை செம்மையானவை. 2009-ல் பெல்ஜியத்து லூவன் நகர ஆய்வாளர்கள், 35 வயதுக்கு உட்பட்ட பெண்களின், கருத்தரிப்பதில் குறையில்லாத தம்பதிகளின் மூன்றுநாள் கருக்களைச் செல்செல்லாகப் பிரித்து ஆராய்ந்தபோது, மிகப் பெரும்பாலானவற்றில் இத்தகைய குளறுபடி இருக்கக் கண்டார்கள். இயல்பாகக் கருத்தரித்துச் சுகமாகப் பிள்ளை பெற்றவர்களின் கருக்களையும் யாரேனும் மூன்றாம் நாளில் இப்படிப் பிரித்துப் பார்த்திருந்தால் என்ன கண்டிருப்பார்கள் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

வளர்ந்த உடம்பிலும் கலப்பு இருக்கத்தான் செய்கிறது. பெண்ணுடலின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று உறங்கிவிடும் என்றும், சிலவற்றில் தந்தையுடையதும் சிலவற்றில் தாயுடையதுமாக அது மாறிமாறி அமையும் என்றும் மேரி லையன் 1961-ல் விளக்கினார். முதிய ஆடவரின் இரத்தச் செல்களிற் சில ஒய் குரோமோசோமை இழந்துவிடுகின்றன. ஈரலின் செல்களில் பல, குரோமோசோம்களை இரட்டித்துக்கொண்டும் செவ்வனே தொழில் செய்கின்றன. கலப்பு என்ற ஒன்றே களங்கம் என்று கொண்டால், களங்கமில்லாத மனிதர் ஒருவரையும் காட்ட முடியாது.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் பழமொழி. மொசைக் அறிக்கையை இறுதித் தீர்ப்பாகக் கொள்பவர்கள், அறிந்தோ அறியாமலோ, இந்தப் பழமொழியின்மேல்தான் நிற்கிறார்கள். பானைச் சோற்றுக்கு அது பொருந்தும்; ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே கொதிப்பு, ஆகவே எந்தப் பருக்கையை நசுக்கினாலும் எல்லாப் பருக்கையின் நிலையும் தெரியும். மொசைக் கருவிலோ, செல்லுக்குச் செல் வேறுபாடு உண்டு என்பதே இலக்கணம். வேறுபட்டிருக்கிறது என்று அறிவித்துவிட்டு, அதன் ஒரு மூலையிலிருந்து எடுத்த ஐந்தாறு செல்கள் முழுமைக்கும் சாட்சி என்று அதே மூச்சில் சொல்வது தன்னைத்தானே மறுக்கும் வாதம். அந்த ஐந்தாறும் பிறழ்ந்த செல்கள் குழுமிய இடத்திலிருந்து வந்திருந்தால் நல்ல கரு பழுதென்று எழுதப்படும். செம்மையான இடத்திலிருந்து வந்திருந்தால் கலந்த கருவும் செம்மையென்று எழுதப்படும். ‘செம்மை’ என்ற அறிக்கையோடு கருப்பைக்குள் செல்லும் கருக்களிற் பல, வேறோர் இடத்தில் கிள்ளியிருந்தால் மொசைக் என்று பெயர் பெற்றிருக்கும்.

இதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. ஐந்தாம் நாள் கருவில் இரு பகுதிகள் தெளிவாகப் பிரிந்திருக்கும்: உள்ளே ஒருபுறம் ஒதுங்கிய சிறு திரள், அதைச் சூழ்ந்த புறச்செல் அடுக்கு. குழந்தையின் உடலாவது உட்திரள். நஞ்சுக்கொடியாவது முக்கியமாகப் புற அடுக்கு. ஊசி தொடுவது புற அடுக்கை மட்டுமே. உட்திரளைத் தொட எவருக்கும் துணிவில்லை, இருக்கவும் கூடாது. ஆக, நஞ்சுக்கொடியாகப்போகும் திசுவைச் சோதித்துவிட்டுக் குழந்தையைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறார்கள். நஞ்சுக்கொடியில் பிறழ்ந்த செல்கள் இருக்க, குழந்தை செம்மையாக இருப்பது சாத்தியம் என்பதை வான்கூவரைச் சேர்ந்த டாக்மார் காலுசெக் 1983-லேயே உலகுக்குக் காட்டிவிட்டார். கர்ப்பத்தின் மூன்றாம் மாத அளவில் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதிக்கும் பெண்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இந்நிலை தென்படுகிறது என்பதும் மகப்பேற்று வைத்தியர்கள் பல்லாண்டாக அறிந்ததே. வயிற்றில் வளரும் சிசு விஷயத்தில் ‘பொறுங்கள், பனிக்குட நீரையும் சோதித்துவிட்டு முடிவு சொல்கிறோம்’ என்று நிதானம் காட்டும் வைத்திய உலகம், உறைநிலையில் கிடக்கும் கரு விஷயத்தில் அந்த நிதானத்தை ஏன் கைவிடவேண்டும்?

இவையெல்லாம் தர்க்கம், பிறந்த குழந்தைகள் உண்டா என்று கேட்பவர்களுக்கும் விடை இருக்கிறது. ரோமாபுரியில் எர்மான்னோ கிரேக்கோவும் அவர் குழுவினரும், செம்மையான கரு ஒன்றுகூடக் கிடைக்காத 18 பெண்களுக்கு, அவர்களுடைய முழுச் சம்மதத்துடன், மொசைக் கருக்களையே வைத்தார்கள். ஆறு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன. 2015-ல் அச்செய்தி புகழ்பெற்ற அமெரிக்க வைத்திய சஞ்சிகையில் வெளியாயிற்று. குப்பைக்குப் போயிருக்கவேண்டிய ஆறு உயிர்கள் அவை. மறு ஆண்டே கேம்பிரிட்ஜில் மக்தலேனா செர்னிக்கா-கோட்ஸ் சுண்டெலிக் கருக்களில் செம்மையான செல்களையும் பிறழ்ந்த செல்களையும் வேண்டுமென்றே கலந்து வளர்த்துப் பார்த்தபோது, உட்திரளில் சேர்ந்த பிறழ்ந்த செல்கள் தாமே மடிந்து ஒழிவதையும், நல்ல செல்கள் போதிய அளவு இருந்தால் கரு முழுமையாக வளர்ந்து பிறப்பதையும் கண்டார். இந்த ஆராய்ச்சிக்கு அவரைத் தூண்டியது சொந்த அனுபவம். 44 வயதில் கருவுற்றபோது நஞ்சுக்கொடிப் பரிசோதனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செல்கள் பிறழ்ந்தவை என்று தெரிவிக்கப்பட்டும், அவருக்குப் பிறந்த மகன் ஆரோக்கியமாகவே பிறந்தான் என்பதை அவரே எழுதியிருக்கிறார்.

தீர்மானமான சான்று 2021-ல் இத்தாலியிலிருந்து வந்தது. அந்தோனியோ கப்பால்போவும் தோழர்களும் 897 கருமாற்றங்களை ஆராய்ந்தார்கள். இருபது முதல் ஐம்பது சதவீதம் வரை மொசைக் நிலை காட்டிய கருக்களையும் செம்மையான கருக்களையும், எது எதுவென்று வைத்தியருக்கும் தெரியாமல், தாய்க்கும் தெரியாமல், ஒரே பெயரில் கருப்பைக்கு அனுப்பினார்கள். செம்மையானவற்றில் உயிருடன் குழந்தை பிறந்தது நூற்றுக்கு 43.4, இருபது முதல் முப்பது சதவீதம் வரை கலந்தவற்றில் 42.9, முப்பது முதல் ஐம்பது வரை கலந்தவற்றில் 42. வித்தியாசம் என்று சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. முத்திரை தெரியாதபோது இரு வகைக் கருவும் ஒன்றுபோலவே நடந்துகொண்டன என்றால், அந்த முத்திரையைக் குத்தி ஒன்றை எறிவதற்கு எவருக்கு என்ன அதிகாரம்?

எதிர்வாதிகளின் பக்கத்தில் உள்ள உண்மைகளை மறைத்து வெல்ல நான் விரும்பவில்லை. அதே 2021-ல் மானுவல் வியோட்டி முதலியோர் ஆயிரம் மொசைக் கருமாற்றங்களைத் தொகுத்து வெளியிட்ட கணக்கில், கர்ப்பம் நிலைத்தவையும் பிறந்தவையுமாக நூற்றுக்கு 37. செம்மையான கருக்களில் அது 52.3. எனினும் அங்கே செம்மையான கரு இருந்தவர்களுக்கு அதையே முதலில் வைத்தார்கள். மொசைக் கரு பெரும்பாலும் வேறு வழியற்றவர்களுக்கே வைக்கப்பட்டது. இரு சாராரின் நிலைமையும் சமமன்று. அந்தக் குறைந்த கணக்கையே ஏற்றுக்கொண்டாலும், நூற்றுக்கு முப்பத்தேழு என்பது பூச்சியம் அன்று. குப்பைத்தொட்டியில் போட்ட கருவுக்குத்தான் பூச்சியம். மொசைக் கருவிலிருந்து பிறந்த குழந்தையிடம் அதே குரோமோசோம் கலப்பு காணப்பட்ட நிகழ்ச்சி ஒன்று துருக்கியிலிருந்து 2020-ல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அபாயமே இல்லை என்று சொல்பவன் பொய் சொல்கிறவன் ஆவான். எல்லாக் குரோமோசோம்களும் ஒரு தராசில் நிற்பவையும் அல்ல. 13, 18, 21 ஆகியவற்றில் மிகை காட்டும் கருவும், நஞ்சுக்கொடியைத் தளரச்செய்து சிசுவின் வளர்ச்சியைக் குன்றவைக்கும் 16-ஆம் குரோமோசோமில் மிகை காட்டும் கருவும், பெற்றோரில் ஒருவரிடமிருந்தே இரு பிரதிகளும் வந்துவிடும் விபரீதத்துக்கு இடம்தரும் 14, 15 போன்றவையும் தனியே எண்ணிப் பார்க்கத்தக்கவை. அதிகச் சதவீதம் காட்டுபவை குறைந்த சதவீதம் காட்டுபவற்றுக்குப் பின்னரே நிற்கவேண்டும். எல்லாச் செல்களும் பிறழ்ந்தவை என்று அறிக்கை வந்த கருக்களைப் பொறுத்தவரை பரிசோதனையின் சொல் பெரும்பாலும் மெய்யே. அமெரிக்காவில் அறிக்கையைப் பாராமலே வைத்த அத்தகைய 102 கருக்களில் ஒன்றுகூடக் குழந்தையாகவில்லை. இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் வழக்கு தளரவில்லை. முழுமையாகப் பிறழ்ந்ததைக் கண்டுபிடிப்பதில் சோதனைக்கு உள்ள நம்பகத்தை, கலந்ததைப் பற்றிய அதன் தடுமாற்றத்துக்கும் கடன் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் அநியாயம்.

‘நம் நாட்டில் குறையுள்ள குழந்தை பிறந்தால் அந்தக் குடும்பத்தைத் தாங்க யார் இருக்கிறார்கள்? சந்தேகத்துக்கு இடமான கருவை வைத்து ஏன் விஷப்பரீட்சை செய்யவேண்டும்?’ என்ற கேள்வியை நான் லேசாக எண்ணவில்லை. அதன் பின்னால் உள்ள பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தை ஒரே நிறைகோலில் நிறுக்கவேண்டும். 38 வயதில் இயல்பாகக் கருவுறும் ஒரு பெண்ணுக்கு டவுன் நிலையுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 175-ல் ஒன்று. அவளிடம் போய், நீ கருவுறாதே, உன் கருவை முதலில் சோதித்துக் காட்டு என்று எந்த வைத்தியரும் சொல்வதில்லை, சொல்வது அநாகரிகம் என்று எல்லோரும் அறிவோம். கர்ப்பத்தில் ஸ்கேன் பார்க்கிறார்கள், ஐயம் எழுந்தால் பதினாறாம் வார அளவில் பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கிறார்கள், முடிவைப் பெற்றோரிடம் விடுகிறார்கள். மொசைக் கருவிலிருந்து உண்டான கர்ப்பத்துக்கும் இதே பாதுகாப்பு திறந்தே இருக்கிறது. இயல்பான கர்ப்பத்துக்குக் காட்டும் பெருந்தன்மையை, ஊசியும் கடனும் கண்ணீருமாய் ஒரே ஒரு கருவைப் பெற்ற பெண்ணுக்கு மட்டும் மறுப்பது எந்த நீதியில் சேரும்? சந்தேகம் என்றால் எறிந்துவிடு என்பது கையில் பத்துக் கரு உள்ளவருக்குச் சொல்லும் யோசனை. ஒன்றே உள்ளவளுக்கு அது யோசனை ஆகாது.

இன்னும் ஆழமாகப் போனால், எல்லாக் கருவையும் இப்படிக் கிள்ளிச் சோதித்தால்தான் வெற்றி உறுதி என்று விளம்பரப்படுத்தும் பழக்கமே கேள்விக்குரியது. பழைய முறையில் மூன்றாம் நாள் கருவிலிருந்து ஒரு செல்லை எடுத்துச் சோதித்தால் வயதான பெண்களுக்குக் கர்ப்பம் கூடும் என்று உலகமே நம்பிய காலத்தில், நெதர்லாந்தில் 35 முதல் 41 வயது வரையுள்ள 408 பெண்களிடையே சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். 2007-ல் வெளியான முடிவு: சோதித்தவர்களில் கர்ப்பம் நிலைத்தது நூற்றுக்கு 25, சோதிக்காதவர்களில் 37. உதவி என்று எண்ணியது உபத்திரவமாக முடிந்திருந்தது. புதிய முறை வந்த பிறகு சீனாவில் 1,212 பெண்களிடையே நடந்து 2021-ல் வெளியான ஆராய்ச்சியிலும், நல்ல கருக்கள் மூன்றேனும் உடைய இளம்பெண்களில் சோதித்தவர்களுக்கு 77.2, சோதிக்காதவர்களுக்கு 81.8 என்றே குழந்தைப்பேறு அமைந்தது. பரம்பரை நோய் ஒன்று தெரிந்தே இருக்கும் குடும்பத்துக்கும், மீண்டும் மீண்டும் கருச்சிதைவு கண்டவளுக்கும் இப்பரிசோதனை ஒரு வரப்பிரசாதமாகலாம். அதை நான் எதிர்க்கவில்லை. எல்லோருக்கும் விற்கும் சரக்காக அதை ஆக்குவதையே எதிர்க்கிறேன். சோதனைக்கும் பணம், சோதனையால் கழிக்கப்பட்ட கருவுக்குப் பதிலாக அடுத்த சுற்றுக்கும் பணம் என்ற ஏற்பாட்டில், நஷ்டம் யாருக்கு என்பது திருத்தணிக் கடைத்தெருவில் நகையை அடகு வைத்துவிட்டுத் திரும்பும் கணவனுக்குத் தெரியும்.

வல்லுநர் குழு சொல்லிவிட்டதே என்று வாயடைக்கச் செய்பவர்களுக்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே பாடம் இருக்கிறது. 1978 அக்டோபர் 3-ஆம் தேதி கல்கத்தாவில், உறையவைத்துக் காத்த கருவிலிருந்து இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறப்பித்தார் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். அரசு நியமித்த குழு அவர் சொன்னதை நம்ப மறுத்தது. அவமதிப்பும் இடமாற்றமும் தாங்காமல் 1981 ஜூனில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்து, 1986-ல் பம்பாயில் பிறந்த குழந்தைக்காகத் தமக்கு வந்த முதன்மையைத் தாமே விட்டுக்கொடுத்து, முகோபாத்யாயே முன்னோடி என்று 1997-ல் அறிவித்தவர் டி.சி. ஆனந்தகுமார். அந்தப் பெருமனத்தை நான் கைகூப்பி வணங்குகிறேன். அக்காலத்து வல்லுநர்களுக்கு நம்ப முடியாததாக இருந்த உறைகரு, இன்று ஒவ்வொரு மையத்திலும் அன்றாடக் காரியம். கருவைப் பற்றிய மனித அறிவு நாற்பது ஆண்டுகளில் இத்தனை முறை திருத்தப்பட்டிருக்கும்போது, இன்றைய அறிக்கையை மட்டும் திருத்தமுடியாத தீர்ப்பாகக் கொள்வது அறிவுடைமை ஆகாது.

தணிகை மலையடிவாரத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகையில், ஆறு பொறியாய்த் தோன்றி, ஆறு குழந்தைகளாய்ப் பொய்கையில் தவழ்ந்து, அன்னை அணைத்தபோது ஒரே திருமேனியான குமரனின் வரலாறு நினைவுக்கு வருவது இயல்பே. நம் முன்னோர் இந்த விஞ்ஞானத்தை அறிந்திருந்தனர் என்று அதைக்கொண்டு சாதிக்க நான் முற்படவில்லை. அது புராணத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒருங்கே செய்யும் அவமரியாதை. கலப்பு என்று கேட்டவுடன் மருமகளை ஏற இறங்கப் பார்க்கும் மாமியாருக்கு மட்டும், அவர் நாள்தோறும் வணங்கும் தெய்வத்தை நினைவூட்டுவதில் தவறில்லை என்று எண்ணுகிறேன். கருவின் கலப்பு தாயின் குற்றமும் அன்று, தந்தையின் குற்றமும் அன்று. கருத்தரித்த பிறகு செல் பிரிகையில் தற்செயலாக நேர்ந்தது.

செய்யவேண்டியவை அரியவை அல்ல. மொசைக் என்று எழுதும் ஆய்வுக்கூடம் எந்தக் குரோமோசோம், எவ்வளவு சதவீதம், பிறழ்ந்தது முழுக் குரோமோசோமா அதன் ஒரு பகுதியா என்பதையும் எழுதவேண்டும். கருத்தரிப்பு மையங்கள் மொசைக் கருவைத் தாமாகக் கழித்துவிடாமல், செம்மையான கரு இல்லாதபோது வைக்கத்தக்க கரு என்ற வரிசையில் அதைப் பாதுகாக்கவேண்டும். உலகின் பல வைத்தியச் சங்கங்கள் சொல்லும் வழியும் இதுவே. பின்னாளில் வழக்கு வருமே என்று அஞ்சும் வைத்தியர், அபாயத்தையும் வாய்ப்பையும் எண்களோடு எழுதிப் பெற்றோரின் சம்மதத்தை வாங்கிக்கொள்ளலாம். 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் எழுத்துமூலமான சம்மதத்தைத்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக வைத்திருக்கிறது. 1960 ஏப்ரல் முதல் நாளில் ஆந்திரத்திலிருந்து திருத்தணி சென்னை மாநிலத்தோடு வந்து சேர்ந்தபோது எல்லைக்கோடு மாறியதேயன்றி, எங்கள் வீடுகளில் புழங்கும் மொழி இரண்டாகவே நின்றது. ஆகையால் இப்பகுதி மக்கள் போகும் மையங்களில் தமிழிலும் தெலுங்கிலும் விளக்கிச் சொல்லும் மரபியல் ஆலோசகர் ஒருவர் இருக்கவேண்டும். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில் பெருவிரல் அடையாளம்போல் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஒப்பமாட்டேன்.

இதைப் படிக்கும் தம்பதிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கருவைப் பத்து ஆண்டுகள்வரை உறைநிலையில் காத்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது. அவசரம் உங்களுடையது அன்று. அறிக்கையின் முழுப்பிரதியைக் கேட்டு வாங்குங்கள். குரோமோசோமின் எண்ணையும் சதவீதத்தையும் குறித்துக்கொண்டு, இந்தப் பரிசோதனையை விற்காத வேறொரு வைத்தியரையோ மரபியல் ஆலோசகரையோ கண்டு பேசுங்கள். அதுவரை, கருவைக் கழித்துவிடச் சம்மதிக்கும் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள்.